125 சட்டையில் ஏழா, எட்டா?

பொம்மனஹள்ளித் தையல் ஆலை ஒன்றில், ஏற்றுமதிக்காக மடித்து, உறையிட்டு, அட்டைப் பெட்டிகளில் அடுக்கிய 3,000 சட்டைகள் காத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பையர் சார்பில் இன்ஸ்பெக்டர் வருகிறார். 3,000 சட்டையையும் அவர் பிரித்துப் பார்ப்பதில்லை. 125 சட்டைகளை மட்டும் எடுத்து மேஜைமேல் விரித்து, காலர், கஃப், பட்டன், தையல் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். பெரிய குறை உள்ள சட்டைகள் ஏழு வரை இருந்தால் சரக்கு கப்பலேறும். எட்டாகிவிட்டால் 3,000 சட்டையும் நிற்கும்.

ஏழுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு சட்டை. ஆனால் அந்த ஒரு சட்டைக்காக மூவாயிரத்தையும் மறுபடி பிரித்து, பார்த்து, பழுது நீக்கி, இஸ்திரி போட்டு, பெட்டியில் அடுக்க வேண்டும். அனுப்பும் தேதி தள்ளிப்போகும். சூப்பர்வைசர் குரல் உயரும். செக்கிங்கில் நிற்கும் பெண்கள் வீடு திரும்ப இரவாகும்.

இந்த ஏழு என்ற எண்ணை இன்ஸ்பெக்டர் தாமாக வைக்கவில்லை. அவர் கையிலுள்ள அட்டவணை சொல்கிறது. அந்த அட்டவணைக்கு அடிப்படையான கணக்கு, பி.காம். வகுப்பில் மாணவ மாணவியர் பயந்து பயந்து படிக்கும் அதே புள்ளியியல்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வந்து பொம்மனஹள்ளி, ஹொங்கசந்திரா, கூட்லு பகுதிகளில் குடியிருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றில், தாய் தையல் லைனில் உட்கார்ந்திருக்கிறாள். மகள் கல்லூரியில் புள்ளியியல் படிக்கிறாள். இருவரும் ஒரே கணக்கைத்தான் இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள்.

ஒரு பானை சோறு

‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று நம் முன்னோர் சொன்னதுதான் இந்த முறையின் அடிப்படை. இதைப் பாடப் புத்தகம் ‘மாதிரி எடுத்தல்’ என்கிறது. எல்லாவற்றையும் சோதித்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். சிவகாசியில் செய்த தீக்குச்சி நன்றாகப் பற்றுகிறதா என்று ஒவ்வொன்றையும் கிழித்துப் பார்த்தால் விற்பதற்கு என்ன மிஞ்சும்? அமெரிக்க ராணுவத்துக்கும் இதே சிக்கல்தான். தோட்டாவைச் சுட்டுப் பார்த்துத்தான் சோதிக்க முடியும். சுட்டபின் அது தோட்டா அல்ல. பெல் தொலைபேசிக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் ஹெரால்டு டாட்ஜ், ஹாரி ரோமிக் என்ற இருவர் வளர்த்த மாதிரிச் சோதனை முறை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராணுவக் கொள்முதலுக்குப் பயன்பட்டது. 1950-இல் அது ராணுவத் தர அட்டவணையாக வெளிவந்தது. அதன் வாரிசுதான் இன்று உலகெங்கும் தையல் ஆலைகளில் புழங்கும் சர்வதேசத் தர அட்டவணை.

அதன்படி, ஒரு சரக்கில் 1,201 முதல் 3,200 வரை உருப்படி இருந்தால், வழக்கமான சோதனை நிலையில் 125 எடுக்க வேண்டும். பெரிய குறைகளுக்கு 2.5 என்ற தர அளவை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் ஏழு வரை ஏற்பு, எட்டானால் மறுப்பு. சரக்கு 10,000 ஆனாலும் எடுக்க வேண்டியது 200-தான். அங்கே பத்து வரை ஏற்பு. பானை மூன்று மடங்கு பெரிதானால் பதம் பார்க்க மூன்று மடங்கு சோறு வேண்டியதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. அடியில் குழைந்தும் மேலே வேகாமலும் உள்ள பானையில் ஒரு சோறு பதம் சொல்லாது. கிளறிவிட்டு எடுக்க வேண்டும். அதனால்தான் கதவோரம் இருக்கும் பெட்டிகளை மட்டும் திறக்காமல், எந்தப் பெட்டிக்கும் சம வாய்ப்பு இருக்கும்படி அங்குமிங்குமாக எடுக்கச் சொல்கிறார்கள். எத்தனை எடுத்தார்கள் என்பதைவிட எப்படி எடுத்தார்கள் என்பது முக்கியம்.

நல்ல சரக்கும் திரும்பலாம்

மாதிரி எடுத்துத் தீர்ப்புச் சொன்னால் தவறே வராதா? வரும். எவ்வளவு வரும் என்பதை முன்கூட்டியே சொல்வதுதான் நிகழ்தகவுக் கணக்கு.

நூற்றுக்கு இரண்டரைச் சட்டை பழுதான சரக்கு, இந்தச் சோதனையில் நூறு தடவைக்கு ஏறத்தாழ 98, 99 தடவை தேறும். ஒன்றிரண்டு தடவை, வேலை ஒப்பந்தப்படி சரியாக இருந்தும், பழுதான சட்டைகளே கையில் அகப்பட்டுச் சரக்கு திரும்பும். நூற்றுக்கு ஐந்து பழுதான சரக்கோ, நூறில் சுமார் 71 தடவை தேறிவிடும். நூற்றுக்குப் பத்து பழுதானால் ஆறு தடவைதான் தப்பும்.

ஆக இரண்டு வகைத் தவறுகள் உண்டு. நல்லதைத் தள்ளுவது ஒன்று. அதில் நஷ்டம் உற்பத்தி செய்தவருக்கு. கெட்டதைக் கொள்வது மற்றொன்று. அதில் நஷ்டம் வாங்கியவருக்கு. இரண்டையும் ஒருசேர ஒழிக்க வேண்டுமானால் மூவாயிரத்தையும் பார்க்க வேண்டியதுதான். எனவே ஒரு சரக்கு திரும்பியதும் ‘லைனே சரியில்லை’ என்று பேசுவது கணக்குக்கு ஒவ்வாது. தொடர்ந்து பல சரக்குகள் திரும்பினால் அப்போது தையலில் கோளாறு என்று தேடுவதில் நியாயம் உண்டு. ஒரு தடவை நடந்ததை வைத்துத் தொழிலாளியின் திறமையை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா?

சராசரி யாருடைய சம்பளம்?

பாடப் புத்தகத்தின் முதல் அத்தியாயம் சராசரி. எல்லாவற்றையும் கூட்டி, எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எளிது. ஆனால் ஏமாற்றுவதும் எளிது.

பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு சிறு கூடம். ஒன்பது பேருக்கு மாதம் 14,000 ரூபாய். மேனேஜருக்கு 1,24,000 ரூபாய். மொத்தம் 2,50,000. பத்தால் வகுத்தால் சராசரிச் சம்பளம் 25,000 ரூபாய். ‘எங்களிடம் சராசரிச் சம்பளம் 25,000’ என்று விளம்பரம் செய்தால் அதில் பொய் இல்லை. ஆனால் அந்த 25,000 ரூபாயை வாங்குகிறவர் அந்தக் கூடத்தில் ஒருவர்கூட இல்லை.

இதற்கு மாற்றாக ‘இடைநிலை’ என்ற அளவு உண்டு. எல்லோரையும் சம்பள வரிசைப்படி நிறுத்தி, நடுவில் நிற்பவரின் சம்பளத்தைப் பார்ப்பது. மேலே சொன்ன கூடத்தில் அது 14,000 ரூபாய். மேனேஜர் சம்பளம் இரட்டித்தாலும் சராசரி எகிறுமே தவிர, இடைநிலை அசையாது. வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் ‘சராசரி எவ்வளவு?’ என்று கேட்பதைவிட, ‘நடுவில் இருப்பவருக்கு எவ்வளவு?’ என்று கேட்பது உத்தமம்.

மூன்றாவது அளவு ‘முகடு’. அதிகம் பேரிடம் காணப்படுவது எதுவோ அது. கடை வைத்திருப்பவர்களுக்கு இது கைகொடுக்கும். விற்ற சட்டைகளின் சராசரி அளவு 39.3 என்று வந்தால் அதை வைத்து என்ன செய்வது? 39.3 அளவில் சட்டை கிடையாது. எந்த அளவு அதிகம் போகிறதோ அதைத்தான் கடைக்காரர் அடுக்குகிறார். கணக்குப் படிக்காத வியாபாரியும் முகட்டைப் பார்த்தே சரக்கு பிடிக்கிறார்.

இரண்டு லைன், ஒரே சராசரி

சராசரியும் இடைநிலையும் தெரிந்தாலும் போதாது. ஓர் எடுத்துக்காட்டு. முதல் லைனில் ஐந்து மணி நேரத்தில் முடிந்த பீஸ்கள் முறையே 78, 82, 80, 79, 81. இரண்டாவது லைனில் 40, 110, 95, 60, 95. இரண்டுக்கும் மொத்தம் 400. சராசரி மணிக்கு 80. மாலையில் எழுதும் கணக்கில் இரண்டு லைனும் ஒன்றே.

ஆனால் உட்கார்ந்து தைத்தவர்களுக்கு ஒன்றல்ல. முதல் லைனில் அதிகத்துக்கும் குறைவுக்கும் உள்ள வித்தியாசம் நாலே பீஸ். இரண்டாவதில் எழுபது. இதற்கு ‘வீச்சு’ என்று பெயர். ஒவ்வொரு மணியும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அந்த விலகல்களை வர்க்கமாக்கி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் கண்டால் கிடைப்பது ‘திட்ட விலக்கம்’. மாணவர்களை மிரட்டும் பெயர், விஷயம் சிறிதுதான். முதல் லைனுக்கு அது சுமார் 1.4, இரண்டாவதற்கு சுமார் 26.

இரண்டாவது லைனில் என்ன நடந்திருக்கும்? வெட்டிய துணி நேரத்துக்கு வராமல் இருந்திருக்கலாம். மெஷின் நின்றிருக்கலாம். பிறகு டார்கெட்டை எட்டுவதற்காகத் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காமல் மணிக்கு 110 தைத்திருக்கலாம். சராசரி இதையெல்லாம் மூடி மறைத்துவிடும். திட்ட விலக்கம் காட்டிக்கொடுக்கும். கோளாறு தைக்கும் கையிலா, துணி அனுப்பும் இடத்திலா என்று தேட விரும்பும் நிர்வாகத்துக்கும் இந்த எண்ணே வழிகாட்டி.

படியை நிர்ணயிக்கும் புள்ளி

வீட்டு வாடகையும் காய்கறி விலையும் ஏறும்போது அதற்கு ஈடாகக் கிடைப்பது அகவிலைப்படி. கர்நாடகத்தில் குறைந்தபட்சக் கூலியோடு சேரும் மாறும் அகவிலைப்படி ஏப்ரல் மாதந்தோறும் விலைவாசிப் புள்ளியை ஒட்டித் திருத்தப்படுகிறது. ரயில்வே முதலிய மத்திய அரசு ஊழியர்களுக்கு ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரு முறை. மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் தொகுக்கும் ஆலைத் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டெண்ணும் ஒரு சராசரியே. ஆனால் இது எடையிட்ட சராசரி.

2016-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசைக்கு நாடு முழுவதும் 88 தொழில் மையங்களில் விலை திரட்டினார்கள். அதில் உணவு, பானங்களுக்கு நூற்றுக்குச் சுமார் 39 பங்கு எடை. வீட்டு வசதிக்குச் சுமார் 17. மற்ற விலைகள் மாறாமல் வாடகை மட்டும் நூற்றுக்கு 20 ஏறினால் குறியீட்டெண் நூற்றுக்கு 3.4 தான் ஏறும். சம்பளத்தில் நூற்றுக்கு 35 பங்கை வாடகைக்கே கொடுக்கும் குடும்பத்துக்கோ செலவு நூற்றுக்கு ஏழு ஏறியிருக்கும். ‘படி ஏறியும் பற்றவில்லையே’ என்று வீட்டில் புலம்புவது வெறும் புலம்பல் அல்ல. நாட்டின் சராசரிக் குடும்பமும் பொம்மனஹள்ளியில் ஒற்றை அறையில் குடியிருக்கும் குடும்பமும் வேறு வேறு என்பதுதான் காரணம்.

58 வயதுக் கணக்கு

எண்களின் பின்னால் நிற்கும் மனிதர்களை மறந்தால் என்ன ஆகும் என்பதை 2016-இல் இந்த ஓசூர் சாலையே காட்டியது.

வருங்கால வைப்பு நிதியில் தொழிலாளி நூற்றுக்கு 12 பங்கு செலுத்துகிறார். முதலாளியும் 12 பங்கு செலுத்துகிறார். முதலாளி செலுத்துவதில் 8.33 பங்கு ஓய்வூதியத்துக்கும், 3.67 பங்கு வைப்பு நிதிக்கும் போகிறது. வேலையை விட்டவர்கள் அந்த 3.67 பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்று 2016 பிப்ரவரி 10 அன்று மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. பத்தாயிரம் ரூபாய் சம்பளத்தில் இது மாதம் 367 ரூபாய். பத்து ஆண்டில் வட்டி நீங்கலாக 44,040 ரூபாய்.

ஓய்வு பெறும்வரை ஒரே உத்தியோகத்தில் இருக்கும் ஒருவருக்கு இது பெரிய பாதிப்பு அல்ல. ஆனால் தையல் லைனில் 58 வயதுவரை உட்கார்ந்திருப்பவர்கள் மிகக் குறைவு. கண் பார்வை, இடுப்பு வலி, குழந்தைகள், ஊரில் முதியோர் என்று அதற்கு வெகு முன்பே விலகுகிறார்கள். விலகும்போது கைக்கு வரும் வைப்பு நிதியே மகளின் கல்லூரிக் கட்டணம், கல்யாணச் செலவு, பழைய கடனுக்கு வழி.

2016 ஏப்ரல் 18 அன்று பொம்மனஹள்ளியில் தையல் ஆலைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆயிரக்கணக்கில் ஓசூர் சாலையில் இறங்கினர். மறுநாள் போராட்டம் ஹெப்பகோடி, ஜாலஹள்ளி, பீன்யா என்று நகரின் பல பகுதிகளுக்கும் பரவியது. தடியடியும் வாகன எரிப்பும் நடந்தன. ஏப்ரல் 19 அன்றே, அப்போதைய மத்திய தொழிலாளர் அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா, அறிவிக்கை வாபஸ் பெறப்படுவதாக அறிவித்தார்.

எந்த வயதில் எத்தனை பேர் வேலையை விடுகிறார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பார்த்திருந்தாலே விளைவு தெரிந்திருக்கும். புத்தகத்தில் இதற்குப் பெயர் ‘பரவல்’. 1951 வாக்கில் இந்தியாவின் சராசரி ஆயுள் சுமார் 32 என்பார்கள். அப்படியானால் அன்று நாற்பது வயதுக்காரரே கிடையாதா? ஒரு குழந்தை பிறந்தவுடன் இறந்து, அதன் அண்ணன் 64 வயது வாழ்ந்தால் இருவரின் சராசரி 32. சிசு மரணங்களே அன்றைய சராசரியைக் கீழே இழுத்தன. இன்று அது 70 வயதைத் தொட்டிருப்பதில் குழந்தைகளைக் காப்பாற்றியதன் பங்கு பெரிது.

விட்டதைப் பிடிக்க முடியுமா?

நிகழ்தகவுக் கணக்கு இன்னோர் இடத்திலும் குடும்பத்தைக் காக்கும். தமிழக அரசு 1968-இல் தொடங்கிய லாட்டரியை 2003-இல் தமிழகமே தடை செய்தது. கர்நாடகம் 2007-இல் தடை செய்தது. பிறகு கைப்பேசியில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகள் அந்த இடத்தைப் பிடித்தன. அவற்றைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

பத்து ரூபாய்ச் சீட்டுகள் பத்தாயிரம் விற்று, பரிசாக மொத்தம் 50,000 ரூபாய் கொடுத்தால், ஒரு சீட்டின் உண்மையான மதிப்பு ஐந்து ரூபாய். புத்தகத்தில் இது ‘எதிர்பார்ப்பு மதிப்பு’. ஐந்து ரூபாய்ப் பொருளைப் பத்து ரூபாய்க்கு வாங்குவது வியாபாரம் ஆகுமா? ‘இத்தனை நாள் விட்டதை இன்று பிடித்துவிடுவேன்’ என்பது அடுத்த மயக்கம். நாணயத்தை ஐந்து தடவை சுண்டி ஐந்து தடவையும் தலை விழுந்தாலும், ஆறாவது தடவை பூ விழ வாய்ப்பு பாதிக்குப் பாதிதான். முன்பு விழுந்தது நாணயத்துக்கு நினைவிருக்காது. சம்பள நாளன்று நினைவில் வைக்க வேண்டியது அது ஒன்றே.

நம்மவர்களும் இத்துறையும்

இந்தக் கல்வி நமக்கு அந்நியமானதும் அல்ல. 1931-இல் கல்கத்தாவில் பேராசிரியர் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்துக்குப் பெங்களூரு மைசூர் சாலையில் ஒரு மையம் உண்டு. அக்கழகத்தில் வளர்ந்த சி.ஆர். ராவ் இன்றைய கர்நாடகத்தின் ஹடகலியில் 1920-இல் பிறந்தவர். 2023-இல், 102 வயதில், புள்ளியியலுக்கான சர்வதேசப் பரிசு பெற்றார். சென்னையில் 1940-இல் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்து, அதே கழகத்தில் ஆய்வு செய்த எஸ்.ஆர். சீனிவாச வரதன், நிகழ்தகவுக் கணிதத்துக்காக 2007-இல் ஏபெல் பரிசு பெற்றார். மிக அரிதாக நிகழும் சம்பவம் எவ்வளவு அரிது என்று அளக்கும் முறையை வளர்த்தவர் அவர். ஒரே நேரத்தில் ஏராளமானோர் இழப்பீடு கேட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனி தாங்குமா என்பது போன்ற கேள்விகளுக்கு அது உதவுகிறது.

வீட்டில் பி.காம். படிக்கும் பிள்ளை புள்ளியியல் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முழிக்கிறதா? அம்மாவின் பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளை எடுத்துக் கொடுங்கள். சராசரி, இடைநிலை, வீச்சு, திட்ட விலக்கம் நாலையும் போடச் சொல்லுங்கள். ஓவர்டைம் எந்த மாதம் வந்தது, பிடித்தம் எந்த மாதம் அதிகம், வைப்பு நிதி மாதாமாதம் தவறாமல் ஏறியிருக்கிறதா என்பதெல்லாம் தாமே வெளிவரும். பிள்ளைக்குப் பரீட்சையில் மதிப்பெண் கிடைக்கும். அம்மாவுக்குத் தன் சம்பளக் கணக்கு சரிதானா என்று தெரிந்துவிடும்.